கச்சால் தீவுத் தபால்

அந்தமான் நிகோபார் தீவுகளின் தபால் நிர்வாகம் மேற்கு வங்க வட்டத்தின் கீழ் வருகிறது. இதைச் சொல்லாமல் என் வேலையைச் சொல்ல முடியாது. போர்ட் பிளேரில் கடிதம் பிரிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு வங்காளம் தெரியும், இந்தி எல்லோருக்கும் தெரியும், தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் சிலர்தான். கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் வருகிற கடிதங்களின் முகவரி முழுக்கத் தமிழில் இருக்கும். படிக்க ஆள் இல்லாத அன்று அவை ஓரமாக ஒரு கட்டில் சேரும். நான் ராமநாதபுரம் பக்கத்துக்காரன். வேலைக்குச் சேர்ந்ததும் அந்தக் கட்டைத்தான் என்னிடம் தந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல், எந்தத் தீவில் வேலை பார்த்தாலும், அந்தக் கட்டு என்னைத் தேடி வந்துகொண்டேதான் இருந்தது.

அதில் மிகுதியாக இருந்தவை கச்சாலுக்குப் போகிற கடிதங்கள்.

கச்சால் நிகோபார் தீவுகளில் ஒன்று. போர்ட் பிளேரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அங்கே பூர்வகுடிகள் நிகோபாரிகள். அறுபதுகளின் கடைசியிலிருந்து ரப்பர் தோட்ட வேலைக்காக அங்கே கொண்டுபோய்க் குடியேற்றப்பட்டவர்கள் இலங்கை மலையகத்துத் தமிழர்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவானது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். காகிதத்தில் இது கணக்கு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள் வந்தபோது அது வீட்டைப் பிளந்தது. அண்ணனுக்கு இந்திய பாஸ்போர்ட், தங்கச்சிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மாப்பிள்ளை வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்திருந்தால் பெண் புருஷனோடு கப்பலேறினாள், பெற்றவர்கள் மலையகத்து அட்டனில் நின்றார்கள். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து சிலர் நீலகிரி தேயிலைக்கு, சிலர் திருச்சிப் பக்கம், சிலர் கச்சாலுக்கு. ஒரே குடும்பம் மூன்று கடலோரத்தில் கிடந்தது. அதைத் தைத்து வைத்திருந்தது தபால் மட்டும்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கச்சாலுக்கு மாற்றலாகிப் போனேன். கப்பங்கா ஜெட்டியில் கப்பல் கட்டும்போது ஊரே அங்கே நிற்கும். அரிசி வரும், மண்ணெண்ணெய் வரும், உத்தியோகஸ்தர் யாராவது வருவார். ஆனாலும் ஜெட்டியில் நிற்கிறவர்களின் கண் அரக்கு முத்திரை வைத்த கான்வாஸ் பையின் மேல்தான். பையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் நடந்தால் பின்னாலேயே பத்திருபது பேர் வருவார்கள். ஆபீசுக்குள் போய் முத்திரையைச் சரிபார்த்து, நூலை அறுத்து, கடிதங்களை மேசையில் கொட்டி, தேதி முத்திரை குத்தி முடிக்கிறவரை ஒருவரும் பேசமாட்டார்கள். அதற்கு முன் பெயரை வாசித்துவிடக்கூடாது என்பது விதி. அந்தக் கால் மணி நேரம் எவ்வளவு நீளம் என்பது வெளியே நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் கப்பல் தள்ளிப்போகும். வந்தாலும் அலை அதிகம் என்று ஜெட்டிக்கு வராமலே திரும்பிப் போனதும் உண்டு. பை அதில்தான் இருக்கும். நாங்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம். இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் விஷயம் அங்கே கற்றது. கடிதம் ஒரு மாதம் கழித்து வருவதை மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். எப்போது வரும் என்று தெரியாமல் போவதைத்தான் தாங்க முடிவதில்லை. ஜூனில் கப்பல் தவறினால் ஜூலையில் எழுதுகிற கடிதங்களின் எண்ணிக்கை பாதியாகிவிடும். கப்பல் மறுபடி ஒழுங்காக வரத் தொடங்கினாலும் அந்தப் பாதி திரும்பி வர வருடக்கணக்காகும். சில பேர் பிறகு எழுதவே மாட்டார்கள். உறவு விட்டுப்போச்சு என்று ஊரில் சொல்வார்கள். விட்டது உறவல்ல, கப்பல்தான் என்று நான் பலரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

எழுதத் தெரியாதவர்களுக்கு நான்தான் எழுதுவேன். காலையில் பால்வெட்டு முடித்து, பாலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் வருவார்கள். ரப்பர் பால் காய்ந்து விரல் இடுக்குகளில் தோலாக ஒட்டியிருக்கும். பேசிக்கொண்டே அதை உரிப்பார்கள். மலையகத்துக்கு எழுதும்போது ஒரு பெரிய சிக்கல் உண்டு. அங்கே லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். அங்கிருந்து கங்காணியோ கணக்கப்பிள்ளையோ தோது பட்டபோது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்காமலும் விடலாம். இன்னொன்று, தோட்டத்துக்கு ஆட்கள் வைத்திருந்த தமிழ்ப் பெயர் வேறு, ரிஜிஸ்தரில் இருக்கிற ஆங்கிலப் பெயர் வேறு. நம்மவர்களுக்குத் தமிழ்ப் பெயர்தான் தெரியும். அதை எழுதினால் கொழும்பில் பிரிக்கிறவர் தலையைச் சொறிந்துகொண்டு திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் முதல் தடவை யாராவது எழுத வந்தால் நான் கடிதத்தைத் தொடங்கமாட்டேன். குடும்ப அட்டையைக் கொண்டுவரச் சொல்வேன். அதில் தோட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் பார்த்து எழுதி, பக்கத்துத் தபாலாபீசின் பெயரையும் விசாரித்துச் சேர்ப்பேன்.

"எந்த டிவிசன் அக்கா?"

"மேல் டிவிசன் தம்பி. பெரட்டுக்களத்துக்குப் பக்கத்து லயம். மூணாவது காம்பரா."

"பெரட்டுக்களம்னு எழுதினா அவங்களுக்குப் புரியுமா?"

"கங்காணிக்குப் புரியும் தம்பி. எழுதுங்க."

எழுதுவேன். பெரட்டுக்களம் என்றால் காலையில் ஆள் எடுக்கிற களம், காம்பரா என்றால் அறை; மூன்றாவது காம்பரா என்றும் எழுதுவேன். ஆபீசைத் தாண்டிய பிறகு கடிதத்துக்குக் கால் அந்தச் சொற்கள்தான்.

என்ன எழுதச் சொல்வார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. துக்கத்தை எழுதச் சொன்னவர்கள் குறைவு. இங்கே எட்டுக்கால் பூச்சி எவ்வளவு பெரிது, தேங்காய் எவ்வளவு மலிவு, பிள்ளை இந்தி பேசுகிறான், இந்தத் தீவில் குளிரே கிடையாது, கம்பளி அங்கேயே இருக்கட்டும் தம்பிக்குக் கொடுத்துவிடு, இப்படித்தான். கடைசி வரிக்கு வரும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். நானும் பேனாவை எடுக்காமல் இருப்பேன். "சீக்கிரம் வாறோம்னு போடுங்க" என்பார்கள். பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் பயணத்துக்கும் வழியே இல்லாதவர்கள். நான் போட்டுவிடுவேன். அதைப் போடாமல் மறுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

அந்தப் பக்கத்திலிருந்தும் வர முடியாது. கச்சால் பழங்குடியினர் பாதுகாப்புப் பகுதி. 1956-ஆம் வருடச் சட்டப்படி வெளியாட்கள் பாஸ் இல்லாமல் காலெடுத்து வைக்க முடியாது. நிகோபாரிகளின் நிலத்தைக் காக்க அந்தச் சட்டம் அவசியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் கூடலூரில் இருக்கிற அக்கா தம்பியைப் பார்க்கச் சென்னை வந்து, மூன்று நாள் கப்பலில் போர்ட் பிளேர் வந்து, அங்கே பாஸுக்குக் காத்திருந்து, பிறகு இன்னொரு கப்பலுக்கு டிக்கெட் கிடைத்து வர வேண்டும் என்றால், தோட்டக் கூலிக்காரிகள் எத்தனை பேரால் முடியும்? ஒருத்தர் வந்து பார்த்தேன். அதற்கு மேல் நினைவில்லை.

கடிதத்தைவிட முக்கியமானது மணியார்டர். இலங்கைக்குப் பணம் அனுப்ப அப்போது அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இடம் கொடுக்காது. நீலகிரிக்கும் திருச்சிக்கும் அனுப்பலாம். படிவத்தின் அடியில் ஒரு சிறிய கூப்பன் இருக்கும். அதில் நான்கு வரி எழுதலாம். பணம் வாங்கியவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த ஒப்புகைச் சீட்டு அனுப்பியவருக்குத் திரும்பி வரும். அதை எத்தனை பேர் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள் என்பதை நான் வீடுகளுக்குள் போய்ப் பார்த்திருக்கிறேன். ரப்பர் ஷீட் புகைபோடுகிற கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் அந்தச் சீட்டுகளைப் பிஸ்கட் டப்பாவில் மாதவாரியாக அடுக்கி வைத்திருந்தார். எல்லாம் கோத்தகிரியில் இருந்த அவருடைய அம்மாவின் இடது பெருவிரல். முதல் சீட்டுகளில் ரேகை தெளிவாக இருந்தது. போகப் போக மை பரவி, ஒரு பக்கம் அழுந்தாமல் வெறும் பிறையாக இருந்தது. "அம்மாவுக்குக் கை நடுங்குது சார்" என்று அவர் எனக்குக் காட்டினார். அம்மா எழுதவில்லை, யாரும் எழுதித் தரவில்லை. அந்த மையைப் பார்த்து அவர் தெரிந்துகொண்டார். அதற்கடுத்த மாதம் கம்பளி வாங்கச் சொல்லிக் கூடுதலாக இருபது ரூபாய் அனுப்பினார்.

ஒரு பையில் அந்த மணியார்டர் பட்டுவாடா ஆகாமல் திரும்பி வந்தது. பெறுபவர் இறந்துவிட்டார் என்று அந்த ஊர்த் தபால்காரர் எழுதியிருந்தார். அவருடைய தங்கை தந்தி கொடுத்திருந்தாள். அது போர்ட் பிளேர் வரை வந்துவிட்டது. அங்கிருந்து நிகோபாருக்கு வயர்லெஸ் கிடைக்கிற நாளில்தான் செய்தி தீவுக்கு வரும். கடிதமும் எழுதியிருந்தாள், அது இன்னொரு பையில் இருந்தது. மூன்றில் முதலில் கரையேறியது மணியார்டர். பணத்தை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியது என் வேலை. வரிசையில் நின்றவர்களை அனுப்பிவிட்டு, அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். அவர் படிவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கைநாட்டு வைக்கிற இடம் வெறுமையாக இருந்ததை விரலால் தடவினார். பிறகு, "எந்தத் தேதி சார் போட்டிருக்கு?" என்று கேட்டார். கருமாதி முடிந்திருக்கும் தேதிதான். அன்றைக்குப் பிறகு, திரும்பி வந்த மணியார்டர் எதையும் நான் கவுன்டரில் வைத்துக் கொடுத்ததில்லை. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவேன். புதிதாக வருகிற பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில் இதுதான் முதல் பாடம். விதிப்புத்தகத்தில் இது இல்லை.

1983 ஜூலைக் கலவரம் நடந்தபோது தீவில் செய்தி கேட்க இலங்கை வானொலியும் ஆகாசவாணியும்தான். மலையகத்தில் எந்த ஊர் எரிந்தது, எது எரியவில்லை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பல வாரங்களுக்கு இலங்கைத் தபால் ஒன்றுகூட வரவில்லை. போட்ட கடிதங்கள் பல மாதம் கழித்துத் திரும்பின, உறையின் மேல் முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. அவற்றைக் கொடுக்கும்போது வாங்க மறுத்தவர்கள் இருந்தார்கள். வாங்கினால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக ஆகிவிடும் என்று நினைத்தார்கள். நான் அவற்றை ஆபீஸ் அலமாரியிலேயே வைத்திருந்தேன். ஒரு வருடம் கழித்து ஒரு கடிதம் வவுனியாவிலிருந்து வந்தது. தோட்டத்தை விட்டு ஓடி, அங்கே காட்டோரம் குடிசை போட்டிருப்பதாக எழுதியிருந்தார்கள். நாமும் காட்டை வெட்டித்தான் இருக்கிறோம், அவர்களும் காட்டை வெட்டித்தான் இருக்கிறார்கள் என்று அதை வாசிக்கக் கேட்ட பெரியவர் சொன்னார்.

தொலைபேசி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொண்ணூறுகளில் போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் எஸ்.டி.டி. பூத்துகள் பெருகின. செயற்கைக்கோள் வழியாகப் போகிற லைன், நாம் பேசி முடித்துக் கொஞ்சம் கழித்துத்தான் அங்கே கேட்கும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பேசி, ஒரே சமயத்தில் நிறுத்தி, மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். கச்சால்காரர்கள் ஆஸ்பத்திரிக்கோ சாமான் வாங்கவோ போர்ட் பிளேர் வரும்போது பூத்துக்குப் போவார்கள். குரல் கேட்டதில் அத்தனை சந்தோஷம். ஆனால் ஒன்று கவனித்தேன். குரல் கேட்கத் தொடங்கியதும் கடிதம் நின்றது. கடிதம் நின்றதும் முகவரி எழுதுவது நின்றது. போன் நம்பர் மாறினால், அல்லது போன் வைத்திருந்த கடைக்காரர் கடையை மூடினால், பின்னால் போய்த் தேட ஒரு முகவரிகூட இருக்காது. இருபது முப்பது வருடம் கடிதத்தால் பிழைத்த உறவுகள் சில, போன் வந்த பத்து வருடத்தில் அறுந்தன. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் போர்ட் பிளேரில் இருந்தேன். சுனாமியில் நிகோபார் தீவுகளிலேயே மிகப் பெரிய உயிர்ச்சேதம் கண்ட இடங்களில் கச்சால் ஒன்று. கரையோர நிகோபாரி ஊர்கள் துடைத்தெடுக்கப்பட்டன. காட்டுக்குள் மேட்டுக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். எந்தக் கப்பலும் தபாலுக்காகப் போகவில்லை, போகவும் கூடாது, எல்லாம் ஆட்களை ஏற்றத்தான். ஆனால் கச்சாலுக்கென்று தபால் வந்துகொண்டே இருந்தது. ஜனவரியில் நான் என் வேலைக்காலத்திலேயே பார்த்திராத அளவு தமிழ் முகவரிகள். அட்டைகள், இன்லேண்டுகள், தந்திகள், ரிஜிஸ்தர் கடிதங்கள். எத்தனையோ வருடம் எழுதாதவர்கள் எல்லாம் எழுதியிருந்தார்கள். சில உறைகளில் முகவரிக்குக் கீழே, இவர் இல்லாவிட்டால் இன்னாரிடம் கொடுக்கவும் என்று வரிசையாகப் பெயர்கள்.

பட்டுவாடா ஆகாத கடிதத்தை ஒரு வாரம் வைத்திருந்து, காரணம் எழுதித் திருப்ப வேண்டும் என்பது வழக்கம். ஆள் இல்லை என்று அந்த நேரத்தில் ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பினால், அங்கே ஒரு வீட்டில் எழவு விழும். உயிரோடு இருக்கிறவருக்கே விழலாம். மேலதிகாரி ஒரு வங்காளி, அவரும் கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. நான் விஷயத்தைச் சொன்னதும், திருப்ப வேண்டாம், வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டார். பணி நேரம் முடிந்ததும் கட்டை எடுத்துக்கொண்டு நானும் இன்னும் இரண்டு பேரும், தீவிலிருந்து ஏற்றிவரப்பட்டவர்கள் இருந்த முகாம் முகாமாகப் போனோம். பெயரை வாசிப்போம். கை உயர்ந்தால் கொடுப்போம். உயராவிட்டால், பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்போம். பதில் எழுதத் தபால் அட்டையையும் கையோடு கொண்டுபோனோம். "உசிரோட இருக்கோம்" என்ற இரண்டு சொல் போதும் என்றார்கள், அதைத்தான் எழுதினோம். கை உயராமல் கடைசிவரை மிஞ்சிய கடிதங்களை, அரசாங்கப் பட்டியல் வந்த பிறகு, நாங்கள் ஒவ்வொன்றாக, தனியாக ஒரு கடிதம் வைத்துத் திருப்பினோம். வெறும் முத்திரையோடு ஒன்றும் போகவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக மாறியது. பழைய மணியார்டர் போய் மின்னணு மணியார்டர் வந்தது. கூப்பனில் கையால் எழுதுவதற்குப் பதிலாக ஆயத்தச் செய்திகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்றானது. 2013 ஜூலையில் தந்தி முடிந்தது. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போர்ட் பிளேருக்கு வந்தது. கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் வரை அது போகிறது. இன்றைக்கு ஒரு பேரன் கையில் போனோடு அட்டனில் இருக்கிறவரின் முகத்தைப் பார்த்துப் பேச முடியும். நான் பை தூக்கிய காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் ஜெட்டியில் நின்றவர்கள் கும்பிட்டிருப்பார்கள். வசதியைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பேரன்கள் என்னிடம் வருகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் வருகிறார்கள். "ஐயா, தாத்தாவோட தங்கச்சி வீடு சிலோன்ல எங்கேன்னு தெரியுமா?" 2023-இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு வருடம் ஆனதை அங்கே நினைவுகூர்ந்தார்கள். அந்தப் பேச்சு இங்கேயும் எட்டியது, கேட்டு வருகிறவர்கள் அதிகமானார்கள். 2003-ஆம் வருடச் சட்டத்தால் அங்கே நின்றுவிட்டவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. அவர்கள் எங்கும் போகவில்லை, தேடினால் கிடைப்பார்கள். பையன்களுக்குப் போன் இருக்கிறது, இன்டர்நெட் இருக்கிறது, யாரைத் தேடுவது என்று தெரியவில்லை. ஒருவன் தாத்தா பெயரை மட்டும் கொண்டுவந்தான். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்னொருத்தி பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய உறையைக் கொண்டுவந்தாள். அதில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் தபாலாபீஸ் பெயரும் இருந்தன. மூன்று வாரத்தில் ஆளைப் பிடித்துவிட்டோம்.

அதனால் ஒரு வேண்டுகோள். கச்சாலோ கூடலூரோ திருச்சியோ, உங்கள் வீட்டில் சிலோனிலிருந்து வந்த பெரியவர் இன்னும் பேசுகிற நிலையில் இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். தோட்டத்தின் பெயர், ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் காகிதத்தைப் பார்த்து. எந்த டிவிசன். எந்தத் தபாலாபீஸ். அங்கே விட்டுவந்தவருடைய பெயர், கூடவே அவருடைய தகப்பன் பெயர். பழைய உறை, குடும்ப அட்டை, மணியார்டர் சீட்டு எதையும் குப்பையில் போடாதீர்கள். தகப்பன் பெயரைக் கட்டாயம் கேளுங்கள். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், தகப்பன் பெயர் இல்லாமல் ஆளை அடையாளம் காண முடியாது.